நெஞ்சு படபடக்கும்போது யாரிடம் சொல்வது?

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒன்றாகச் சொல்லப்படும் அந்தப் படிகளில் பாதி ஏறுவதற்குள் பலருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு வாங்கும், உள்ளங்கை வியர்க்கும், கால் லேசாக நடுங்கும். அதற்காக யாரும் பயப்படுவதில்லை. படியேறியதால் வந்தது என்று தெரியும். ஓரமாக ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் அடங்கிவிடும் என்பதும் தெரியும்.

இந்த நான்கும் படுக்கையில் நள்ளிரவில் வந்தால்? சென்னைக்குப் போகும் காலை மின்ரயிலில், நெரிசலுக்கு நடுவே வந்தால்? உடலுக்குள் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். மூளையின் அமிக்டலா ஆபத்து என்று எச்சரிக்கிறது. சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் தயாராகிறது. இந்த ஏற்பாட்டை அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915ஆம் ஆண்டிலேயே விவரித்துவிட்டார். படியில் இருப்பவருக்குக் காரணம் கண்முன்னே இருக்கிறது. படுக்கையில் இருப்பவருக்கு அது இல்லை. அதனால் மனம் தானாகவே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறது: மாரடைப்பு, மயக்கம், பைத்தியம், சாவு.

1986இல் பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் இந்தச் சுழலை விளக்கினார். உடலில் ஒரு சிறு மாற்றம் வருகிறது. அதைப் பேராபத்தின் அறிகுறி என்று மனம் படிக்கிறது. அந்தப் பயமே மேலும் அட்ரினலினைச் சுரக்கவைக்கிறது. படபடப்பு கூடுகிறது. கூடியதும், நினைத்தது சரிதான் என்று பயம் உறுதிப்படுகிறது. பேனிக் அட்டாக் எனப்படும் இந்தத் திடீர்ப் பீதி பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாகத் தணியும். தணிந்த பின்னும் ஒன்று மிஞ்சுகிறது: ‘மறுபடியும் வந்துவிடுமோ’ என்ற பயம். முதலில் ரயில் பயணம் நிற்கிறது. பிறகு ஆடிக்கிருத்திகைக் கூட்டம், கல்யாண மண்டபம், தனியாகக் கடைக்குப் போவது. கடைசியில் படியேறுவதுகூட நின்றுவிடும், அதுவும் நெஞ்சைப் படபடக்க வைக்கிறது என்பதால்.

முதல் முறை நெஞ்சு வலியோ கடும் படபடப்போ வந்தால் மருத்துவமனைக்கு ஓடுவதுதான் சரி. இதயக் கோளாறும் தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே வேடத்தில் வரலாம். ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள், ரத்தம் பரிசோதிக்கிறார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது. “உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க, வீட்டுக்குப் போங்க” என்கிறார்கள். இதயத்தைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் சாவின் வாசல்வரை போய் வந்ததாக உணர்ந்த ஒருவரின் காதில் அது வேறு விதமாக விழுகிறது: நான் நடிக்கிறேன் என்று நினைக்கிறார்கள். அடுத்த முறை அவர் யாரையும் எழுப்புவதில்லை. போர்வைக்குள் விழித்தபடி விடியலுக்காகக் காத்திருக்கிறார். மருத்துவமனையில் அவரிடம் இதையும் கேட்டிருக்கலாம்: ‘கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் பதற்றமாக இருந்தது? கவலையை நிறுத்தவோ கட்டுப்படுத்தவோ முடியாமல் எத்தனை நாள் தவித்தீர்கள்?’ இந்த இரண்டு கேள்விகள் மட்டுமே கொண்ட ஒரு குறும்பரிசோதனையை 2007 முதல் உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். கேட்டு முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இப்படித் தவிப்பவர்கள் ஒருவர் இருவர் அல்லர். 2017இல் இந்தியாவில் சுமார் 4.5 கோடிப் பேர் பதற்றக் கோளாறுகளுடன் வாழ்ந்தார்கள் என்று 2020இல் வெளியான லான்செட் சைக்கியாட்ரி ஆய்வு கணக்கிட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பு இன்னொரு செய்தியையும் சொன்னது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநலச் சிக்கல்கள் உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. மருத்துவர் பற்றாக்குறை இதற்கு ஒரு பெரிய காரணம். வாய் திறக்கத் தயங்குவது மற்றொன்று.

தயக்கத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு. 1794இல் தொடங்கிய வரலாறு கொண்ட சென்னை அரசு மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கம், தமிழ் சினிமாவின் நகைச்சுவைக் காட்சிகளிலும் தெருப்பேச்சிலும் ஒரு வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, “மனசு சரியில்லை” என்று சொல்வதற்கு முன்பே அவமானம் வந்துவிடுகிறது. வரன் பார்க்கும் வீட்டில் “இதை வெளியே சொல்லிடாதே” என்பதுதான் முதல் அறிவுரை. பாதுகாப்பாகச் சொல்லக்கூடியவை உடம்பின் மொழியில் இருப்பவை மட்டுமே: வயிற்றைப் பிசைகிறது, தூக்கம் வரவில்லை, தலை கிறுகிறுக்கிறது, நெஞ்சு படபடவென்கிறது. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்த திருத்தணியில் தமிழும் தெலுங்கும் புழங்கும் வீடுகள் ஏராளம். பேரன் “டென்ஷன்” என்பதைத் தெலுங்கு பேசும் பாட்டி “கங்காரு” என்பார். பேச்சு இரண்டு மொழியிலும் அதற்கு மேல் போவதில்லை.

மறைப்பதற்கு உடல் ஒரு விலை கொடுக்கிறது. உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1990களில் நடத்திய சோதனைகளில், மனதைக் கலங்கடிக்கும் திரைக்காட்சிகளைப் பார்த்தவர்களில் சிலரிடம் ‘முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாதீர்கள்’ என்று சொல்லப்பட்டது. அவர்கள் முகம் அமைதியானது. ஆனால் வியர்வைச் சுரப்பிகளையும் ரத்தக் குழாய்களையும் இயக்கும் பரிவு நரம்பு மண்டலம், உணர்வை இயல்பாக வெளிக்காட்டியவர்களைவிட அவர்களிடம் அதிகமாகவே வேலை செய்தது. 2003இல் எமிலி பட்லரும் சகாக்களும் இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோனார்கள். உணர்வை அடக்கிக்கொண்டு பேசியவரின் எதிரில் உட்கார்ந்து பேசியவருக்கும் ரத்த அழுத்தம் ஏறியது. வீட்டில் ஒருவர் ‘யாருக்கும் தெரியவேண்டாம்’ என்று பற்களைக் கடித்துக்கொண்டிருந்தால், காரணம் புரியாமலே அடுத்தவரும் இறுக்கமாகிறார்.

சொல்லும்போது என்ன நடக்கிறது? 2007இல் லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மேத்யூ லீபர்மேன் குழு, மூளையைப் படம்பிடிக்கும் ஸ்கேனுக்குள் படுத்திருந்தவர்களுக்குக் கோபமும் பயமும் நிறைந்த முகங்களைக் காட்டியது. அந்த உணர்வுக்கு ஏற்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது அமிக்டலாவின் கிளர்ச்சி குறைந்தது. நெற்றிக்குப் பின்னால் வலப்புறம் உள்ள முன்மூளைப் பகுதி கூடுதலாக இயங்கியது. 2012இல் கதரீனா கிர்கான்ஸ்கியும் லீபர்மேனும் மிஷெல் கிராஸ்கேயும் இதை உண்மையான பயத்தில் சோதித்தார்கள். சிலந்திக்கு அஞ்சும் 88 பேரை ஓர் உயிருள்ள பெரிய சிலந்தியின் அருகே வரச் செய்தார்கள். ஒரு பிரிவினர் “இது ஒன்றும் செய்யாது” என்று தங்களைத் தேற்றிக்கொண்டார்கள். இன்னொரு பிரிவினர் “அருவருப்பான அந்தச் சிலந்தி என் மேல் பாய்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது” என்ற மாதிரி, இருப்பதை இருக்கிறபடியே சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி சோதித்தபோது, பயத்தை அப்படியே சொன்னவர்களின் தோலில் பதற்றத்தின் அறிகுறியான மின்கடத்தும் தன்மை குறைவாக இருந்தது. தைரியம் சொல்லிக்கொண்டவர்களைவிடப் பயத்தை ஒப்புக்கொண்டவர்களின் உடல் அமைதியாக இருந்தது.

அடுத்தவர் அருகில் இருப்பதற்கும் ஓர் உடலியல் உண்டு. 2006இல் உளவியலாளர் ஜேம்ஸ் கோன் மணமான 16 பெண்களிடம், லேசான மின்னதிர்ச்சி வரப்போகிறது என்று எச்சரித்துக்கொண்டே மூளையைப் படம்பிடித்தார். தனியாக இருந்தபோது ஆபத்தைக் கையாளும் பகுதிகள் மிகுதியாக இயங்கின. முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்திருந்தபோது சற்றுக் குறைந்தன. கணவரின் கையைப் பிடித்திருந்தபோது இன்னும் குறைந்தன, உறவு நன்றாக இருந்த தம்பதிகளிடம் மேலும் அதிகமாக. கைபிடித்தவர்கள் யாரும் எந்த ஆறுதல் வார்த்தையும் சொல்லவில்லை.

பேசுவதன் பலன் ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. திருத்தணி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்துக்கு 2022 அக்டோபரில் நடிகை தீபிகா படுகோன் வந்தார். உலக மனநல நாளை ஒட்டிய அந்த வருகை படப்பிடிப்புக்காக அல்ல. அவர் நிறுவிய லிவ் லவ் லாஃப் அறக்கட்டளையின் கிராமப்புற மனநலத் திட்டம் இந்த மாவட்டத்தில் நடப்பதால், மனநலச் சிக்கல்களுடன் வாழ்பவர்களையும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினரையும் சந்திக்க வந்தார். அவர் கதை 2014இல் தொடங்குகிறது. வெற்றியின் உச்சத்தில் இருந்தபோது ஒரு காலையில் வயிற்றுக்குள் இனம்புரியாத வெறுமையோடு எழுந்தார். மும்பைக்கு வந்திருந்த பெற்றோர் பெங்களூருக்குக் கிளம்பிய சமயத்தில் அழுகை வெடித்தது. அம்மா உஜ்ஜாலா சில கேள்விகள் கேட்டார். வேலையிலா, உறவிலா, என்ன பிரச்சினை? எதற்கும் தெளிவான பதில் இல்லை. இதற்கு மருத்துவ உதவி வேண்டும் என்று முதலில் புரிந்துகொண்டவர் அம்மாதான். 2015இல் பதற்றம், மனச்சோர்வு இரண்டையும் பற்றித் தீபிகா வெளிப்படையாகப் பேசினார். அதே ஆண்டில் அறக்கட்டளை பிறந்தது. 2016இல் கர்நாடகத்தின் தாவணகெரேயில் தொடங்கிய அதன் கிராமத் திட்டம் பிறகு ஒடிசாவுக்கும் திருவள்ளூருக்கும் பரவியது.

நட்சத்திரம் ஒருவர் பேசினால் தலைப்புச் செய்தி ஆகும். ஆனால் ஊரின் மனம் மாறுவதற்கு, தன்னைப் போன்ற ஒருவர் பேசுவதே கூடுதலாக உதவுகிறது. சமூகக் களங்கம் பற்றி 2022இல் வெளியான லான்செட் ஆணைய அறிக்கை, உலகெங்கும் நடந்த முயற்சிகளைச் சலித்துப் பார்த்து ஒன்றை அழுத்தமாகச் சொன்னது: மனநலச் சிக்கலை வாழ்ந்து அறிந்தவரோடு பழகுவதுதான் தவறான எண்ணங்களைக் குறைக்கும் மிக வலுவான வழி. ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் ஜார்ஜ் இன்ஸ்டிடியூட் நடத்திய ‘ஸ்மார்ட் மென்டல் ஹெல்த்’ திட்டம் இதைச் செய்துகாட்டியது. ஊர் ஊராக நாடகம், வீடு வீடாகப் பேச்சு, வீடியோக்கள். அவற்றில் ஒரு திரைநடிகரும் பேசினார், மனநலச் சிக்கலோடு வாழும் ஒருவரும் தன் வாயால் தன் கதையைச் சொன்னார். ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் கையடக்கக் கருவியில் கேள்விகள் கேட்டு, உதவி தேவைப்படுபவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார்கள். ஆந்திராவிலும் ஹரியானாவிலும் 44 ஆரம்ப சுகாதார நிலையப் பகுதிகளில் பின்னர் நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2024இல் வெளியாயின. இந்த ஏற்பாடு இருந்த பகுதிகளில், ஆபத்து அதிகமிருந்தவர்களின் மனச்சோர்வு கூடுதலாகக் குறைந்திருந்தது.

கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்கத் அமைப்பும் நடத்திய மானஸ் ஆய்வு (லான்செட், 2010) இதைவிட எளிமையானது. மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்ப் பெண்களுக்குச் சில வாரங்கள் பயிற்சி கொடுத்து, மருத்துவமனைகளில் ஆலோசகர்களாக உட்காரவைத்தார்கள். அவர்கள் நோயின் பெயரைச் சொல்லி யாரையும் மிரட்டவில்லை. டென்ஷன், யோசனை, தூக்கமின்மை என்று வந்தவர் சொன்ன வார்த்தையிலேயே பேச்சைத் தொடங்கினார்கள். அரசு நிலையங்களுக்கு வந்தவர்களில் பதற்றமோ மனச்சோர்வோ நீங்கிக் குணமானவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அதிகம். கேட்கத் தெரிந்த ஓர் அண்டை வீட்டுப் பெண்ணுக்கு இவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதை அந்த ஆய்வு உலகுக்குக் காட்டியது.

எல்லாப் பேச்சும் நன்மை செய்யும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்க உளவியலாளர் அமாண்டா ரோஸ் பள்ளி மாணவர்களை மாதக்கணக்கில் கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வு சிந்திக்க வைக்கிறது. ஒரே பிரச்சினையைத் தோழியோடு திரும்பத் திரும்ப அலசிய சிறுமிகளுக்கு நட்பு இறுகியது. கூடவே பதற்றமும் மனச்சோர்வும் கூடின. “எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று மணிக்கொரு முறை கேட்பதும் இப்படித்தான். “ஆகாது” என்ற பதில் சில நிமிடம் நிம்மதி தருகிறது. பிறகு அந்தப் பதில் இல்லாமல் இருக்கமுடியாத நிலையை உண்டாக்குகிறது. அலசும் பேச்சு, பயந்தது நடந்துவிடுமா என்பதையே சுற்றிச்சுற்றி வருகிறது. உதவும் பேச்சு இப்போது என்ன உணர்கிறேன், எனக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லி முடிகிறது.

அந்தப் பேச்சுக்கு நீளம் தேவையில்லை. நல்ல நேரம் பார்த்து, நம்பிக்கையான ஒருவரிடம் நான்கு வரி போதும்: “அக்கா, எனக்கு அப்பப்போ திடீர்னு படபடன்னு வரும். டாக்டர்கிட்ட காட்டிட்டேன், இதயத்துல கோளாறு இல்லை, பதற்றம்தான்னு சொன்னாங்க. கொஞ்ச நேரத்துல அடங்கிடும். அப்போ நீங்க பக்கத்துல உட்கார்ந்தா போதும்.” பீதி வந்திருக்கும் நேரத்தில் இதை விளக்க முடியாது. அடங்கியிருக்கும் நாளில் சொல்லிவைப்பதே எளிது.

கேட்பவரின் வேலை இதில் பாதி. “தைரியமா இரு”, “எனக்கும்தான் டென்ஷன் இருக்கு”, “முருகன் மேல பாரத்தைப் போட்டுட்டு வேலையைப் பாரு” எல்லாமே அன்பிலிருந்து வருபவை. ஆனால் மூன்றும் பேச்சை அங்கேயே முடித்துவிடுகின்றன. “எப்போ ஆரம்பிச்சுது?”, “இப்போ உடம்புல எங்க தெரியுது?”, “நான் கூட வரட்டுமா?” என்ற கேள்விகள் பேச்சைத் திறந்து வைக்கின்றன. கூட வருவதிலும் ஓர் அளவு வேண்டும். பயப்படுபவருக்குப் பதிலாகக் கடைக்குப் போவது, அவரை எல்லாக் கூட்டத்திலிருந்தும் காப்பது என்று நீண்டால் பயம் வேரூன்றும். முதல் நாள் ரயிலில் கூடப் போவதும், அடுத்த வாரம் நிலையம்வரை மட்டும் போவதும், அதற்கடுத்து வீட்டிலிருந்தபடி கைபேசியில் பேசுவதும் நல்ல துணை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அளிப்பவர்கள் பயந்த சூழலுக்குள் படிப்படியாக நுழையப் பழக்குவது இவ்வாறே. நின்ற இடத்தில் ஓடச் செய்தும், மாடிப்படி ஏறச் செய்தும் வேண்டுமென்றே நெஞ்சைப் படபடக்க வைப்பார்கள். அந்தப் படபடப்பு ஆளைக் கொல்லாது என்பதை உடலே கற்றுக்கொள்ளும்.

கோயிலும் இந்தப் பேச்சுக்கு வெளியே இல்லை. நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராமும் சகாக்களும் தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். தீவிர மனநோய் கொண்ட அவர்களின் அறிகுறிகள், தங்கியிருந்த வாரங்களில் சராசரியாக ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தன. சிறப்புச் சடங்கு எதுவும் செய்யப்படவில்லை. காலையில் எளிய வழிபாடு, கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கூடவே குடும்பத்தார். அச்சுறுத்தாத, ஆதரவான இடமே பலன் தந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அந்த ஆதரவு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 2001 ஆகஸ்ட் 6 சாட்சி. ஏர்வாடி தர்கா அருகே ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். அதன் பிறகு அங்கே, பிரார்த்தனையைத் தடுக்காமலே மனநல மருத்துவமும் கிடைக்க அரசு வழிசெய்தது. வேண்டுதலும் மருந்தும் ஒரே வீட்டில் இருக்கலாம். மலையேறிக் கும்பிட்டுவிட்டு வந்து மருத்துவரையும் பார்ப்பதில் முரண் ஒன்றும் இல்லை.

பதற்றக் கோளாறுக்குப் பலன் தரும் சிகிச்சைகள் இருக்கின்றன. பேச்சு வழிச் சிகிச்சையும், எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகளும் முதன்மையானவை. இந்த மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். மருத்துவர் சொல்லாமல் பாதியில் நிறுத்தக்கூடாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் உடனடி அமைதி தந்தாலும், நாளடைவில் அடிமைப்படுத்தும். மனநல மருத்துவரைத் தேடி இனி சென்னைக்கே போகவேண்டும் என்பதும் இல்லை. 1996இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் முதல் வரிசையில் திருச்சி இருந்தது. இன்று அது தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் அரசு மருத்துவமனைகள் வழியே நடக்கிறது.

வெளிப்படையாகப் பேசுவது என்றால் ஊருக்கெல்லாம் அறிவிக்கவேண்டும் என்று பொருளில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்கு அளிக்கிறது. உடல்நோய்க்குக் கொடுக்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு கொடுக்கவேண்டும் என்றும் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. யாரிடம், எவ்வளவு, எப்போது சொல்வது என்பதைத் தவிப்பவரே முடிவு செய்யலாம். வீட்டில் அப்படி ஒருவர் இன்னும் அமையாதவர்களுக்கு, 2022 அக்டோபர் 10 முதல் நாடெங்கும் இயங்கும் டெலி மானஸ் சேவையின் 14416 எண் இருக்கிறது. தமிழ்நாட்டில் இது ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுக்கிறார்கள், தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.